பிள்ளைகள்: இல்லை

ஜனவரி 5

சித்தி என்கிற என் அம்மாவுக்கு,

உறைக்கு மேலே சித்தி, உள்ளே அம்மா. எங்கள் வார்டன் கண்ணாடியம்மா உறையை மட்டும்தான் படிப்பார். பிரித்துப் படிக்கும் அளவுக்கு அவருக்கு எங்கள் மேல் அக்கறை கிடையாது, அதனால் பயப்படாதே.

உன் கார்டு வந்தது. நாலு வரி, அதில் மூன்று வரி முகவரி. நாலாவது வரி: "அறை கிடைச்சாச்சு." படித்ததும் "எந்தக் கன்னத்தில்?" என்றுதான் கேட்கத் தோன்றியது. இதுவரை நமக்குக் கிடைத்த அறையெல்லாம் அந்த ரகம்தானே! அப்புறம் பக்கத்துக் கட்டில்காரியிடம் போய், "எங்க சித்தி வீடுபேறு அடைஞ்சுட்டாங்க" என்றேன். அவள் நீ செத்துவிட்டதாக நினைத்து, கண் கலங்கி, ஒரு பிஸ்கட் கொடுத்தாள். தின்றுவிட்டேன்.

சரி, விளையாட்டு போதும். பஸ் நிலையத்தில் ஏழாம் தூணுக்கடியில் ஒரு வருஷம். முதல் பாதி நாம் இருவரும். மறுபாதி நான் இங்கே கட்டிலில், நீ அங்கே சிமெண்டில். இப்போது உனக்கும் ஒரு கூரை. எனக்குச் சொல்: கதவு மரமா, தகரமா? தாழ்ப்பாள் உள்பக்கமா, வெளிப்பக்கமா? (வெளிப்பக்கம் என்றால் உன்னை வேறு இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.) சன்னலைத் திறந்தால் என்ன தெரிகிறது?

கடைசிக் கேள்வி. ஏப்ரல் 21 கடைசித் தேர்வு. 22 காலையில் என் கட்டிலில் வேறொருத்தி படுப்பாள். அதற்குள் எனக்குப் பதினெட்டு முடிந்துவிடும், பதினெட்டு முடிந்தவளுக்கு இங்கே இடமில்லை. விடுதி என்று பெயர் வைத்துக்கொண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிறு தவிர வெளியே விடாதவர்கள், அன்றைக்கு மட்டும் பெயருக்கேற்றபடி விட்டுவிடுவார்கள். நான் நேராக உன்னிடம் வந்துவிடட்டுமா? குறுக்கே படுக்க மாட்டேன். காலைக்கூட மடக்கிக்கொள்கிறேன்.

காகிதத்தில் இல்லாத உன் மகள்,
வாலு


ஜனவரி 14

வாலு,

எனக்கு எழுதிப் பழக்கமில்ல. சட்டைக் காலர் தைச்ச கை இது. நேர்கோடு வரும், எழுத்து வராது.

கதவு மரம். தாழ்ப்பாள் உள்பக்கம். சாவிய நாடாவுல கோத்துக் கழுத்துல போட்டிருக்கேன். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு அடுப்பு. குளியலறை எனக்கே எனக்கு. சன்னலைத் திறந்தா பக்கத்துக் கட்டிடத்துச் சன்னல். அங்க ஒருத்தர் நாள் பூரா சட்டை இஸ்திரி போடுறார், காலரை மட்டும் சரியாப் போட மாட்டேங்கறார். முப்பத்தாறு அறை. முப்பத்தாறு பேரும் தெருவுல இருந்து வந்தவங்கதான். பேச்சு கம்மி.

இங்க முறை வேற. குடிய விடு, உடம்பைத் தேத்து, வேலை தேடு, அப்புறம் அறை தர்றேன்னு சொல்றதில்ல. முதல்ல சாவி. மத்ததெல்லாம் பிறகு, மெதுவா. அதுக்குன்னு ஒரு மேடம் செவ்வாயும் வெள்ளியும் வருவாங்க. கதவைத் தட்டுவாங்க. அவங்க கையிலயும் ஒரு சாவி இருக்கு, ஆனா போட மாட்டாங்க. நாம திறக்கிற வரைக்கும் வெளியதான் நிக்கணும், அது அவங்க விதியாம். முதல் ரெண்டு தடவை நான் திறக்கல. பஸ் நிலையத்துல எழுப்புறவன் காலைத்தானே தட்டுவான், பூட்ஸ் நுனியால. கதவைத் தட்டினா என்ன செய்யணும்னே மறந்துபோச்சு. சுவரோட ஒட்டி நின்னேன். அவங்க அரை மணி நேரம் நின்னுட்டு, கதவுக்கடியில ஒரு சீட்டைத் தள்ளிட்டுப் போனாங்க. "நலமா? வெள்ளிக்கிழமை வருகிறேன்." மூணாவது தடவை திறந்தேன். பாவம், கால் வலிக்குமேன்னு.

நீ கேட்டதுக்கு வர்றேன். அறை ஒத்த ஆளுக்கு. விருந்தாளி மாசத்துக்கு மூணு நாள் தங்கலாம். வாசல்ல ஒரு நோட்டு இருக்கு, பேரும் உறவும் எழுதணும். நீ வந்தா "அக்கா மகள்"னு எழுது. என் காகிதத்துல பிள்ளைகள் இல்லைன்னு இருக்கு. ஏன்னு உனக்கே தெரியும்.

தேர்வுக்குப் படி.

அம்மா


ஜனவரி 22

அனுப்புநர்: இல்லாத பிள்ளை.
பெறுநர்: இல்லாத தாய்.
பொருள்: இல்லாத இருவரும் இருக்கிற ஓர் அறையில் இருக்க அனுமதி கோருதல்.

மதிப்பிற்குரிய சித்தி அவர்களே,

இல்லையும் இல்லையும் பெருக்கினால் உண்டு வரும் என்று கணக்கு மிஸ் சொல்கிறார். நம் விஷயத்தில் வரவில்லை. பார்த்தாயா, கணக்கிலும் நமக்கு இடமில்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும்தான். ஆனால் முதலில் யாரை யார் கொன்றது என்று பார்ப்போம். போன ஜூன், விடுதி அலுவலகம். "பெற்றோர் இல்லாத பெண்களுக்கு மட்டும்" என்று சுவரில் கொட்டை எழுத்தில் இருந்தது. நீ அதைப் படித்தாய். எச்சில்கூட விழுங்கவில்லை. "இவ அப்பாவும் அம்மாவும் தவறிட்டாங்க, நான் சித்தி" என்றாய். அப்பா உண்மையாகவே தவறியவர், அவருக்கு நஷ்டமில்லை. நீ என் பக்கத்தில் நின்றுகொண்டே, என் கையைப் பிடித்துக்கொண்டே செத்தாய். பெரிய துறவிகள் வருஷக்கணக்கில் தவமிருந்து சித்தி அடைவார்களாம். நீ ஒரே வாக்கியத்தில் அடைந்தாய்.

அதற்குப் பழி வாங்கத்தான் ஆகஸ்ட் மாத ஞாயிற்றுக்கிழமை. உன்னைப் பார்க்கத் தூணுக்கு வந்திருந்தேன். தெருவில் இருப்பவர்களைக் கணக்கெடுக்கிறேன் என்று அட்டையும் பேனாவுமாக ஒருத்தர் வந்தார். "பிள்ளைங்க இருக்காங்களாம்மா?" நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மூணு பேர் சார். மூணும் போயிருச்சு. நான் சும்மா பஸ்ஸுக்கு நிக்கிறேன்." நீ தரையைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டு "வாயை மூடுடி, வாயை மூடுடி" என்று முணுமுணுத்தாய். அவர் என் காதருகே வந்து, "இப்படித்தான் தனியா பேசுவாங்களா?" என்றார். "எப்பவும் சார்" என்றேன். எழுதிக்கொண்டார். அவர் போனதும் நாம் இருவரும் சிரித்த சிரிப்பில், எட்டாம் தூணில் காலி பாட்டில்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த பாட்டில் அக்கா, "என்னடி கூத்து?" என்று எழுந்தே வந்துவிட்டாள்.

அது விளையாட்டு, அம்மா. ஆனால் டிசம்பரில் சாவி வாங்கும்போது அந்தக் காகிதத்தை யாராவது உனக்குப் படித்துக் காட்டியிருப்பார்களே. "பிள்ளைகள்: இல்லை." அப்போது முந்திக்கொள்ள நான் பக்கத்தில் இல்லை. கையெழுத்துப் போட்டது யார்?

இதற்குப் பதில் எழுது. படிப்பைப் பற்றி எழுதாதே.

வாலு


பிப்ரவரி 2

வாலு,

படிச்சுக் காட்டினாங்க. ரெண்டு தடவை. நான்தான் கையெழுத்து போட்டேன்.

யார் முதல்ல கேட்டாங்களோ அவங்களுக்கு அறைன்னு நினைச்சுக்காத. யார் நிலைமை ரொம்ப மோசமோ அவங்க முன்னால போவாங்க. ஒவ்வொரு பதிலுக்கும் புள்ளி. வயசு, வியாதி, எத்தனை நாளா தெருவுல, பாத்துக்க ஆள் இருக்கா. யாரும் இல்லைன்னா புள்ளி ஏறும். தனக்குத்தானே பேசுறவங்களுக்கு இன்னும் ஏறும். நீ விளையாட்டுக்குச் சொன்ன ரெண்டும்தான் என்னை மூணாம் மாடிக்கு ஏத்திவிட்டுச்சு. பிள்ளையோட இருக்கிறவங்களுக்கு வேற பட்டியல், வேற கட்டிடம். அந்தக் கட்டிடத்துக்கு இன்னும் அஸ்திவாரமே போடல.

அதே ஞாயித்துக்கிழமை, அதே ஆள், அடுத்த தூணுக்குப் போய் பாட்டில் அக்காவையும் கேட்டார். "எனக்கென்ன சார், ரெண்டு ஆம்பளப் பசங்க, நல்ல வேலையில இருக்காங்க"ன்னு அவ நெஞ்சை நிமித்திக்கிட்டுச் சொன்னா. பசங்க எந்த ஊர்ல இருக்காங்கன்னு அவளுக்கே தெரியாது. என்னைவிடப் பத்து வயசு மூத்தவ, காலு ரெண்டும் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கு. இன்னும் எட்டாம் தூண்லதான் இருக்கா. அப்ப ஒரு பிள்ளை எத்தனை புள்ளின்னு எனக்குத் தெரியாதுன்னா நினைக்கிற?

மாத்திச் சொல்லியிருந்தா இப்ப நான் ஏழாம் தூண்ல கூட இல்ல. அதை வேற குடும்பம் பிடிச்சிருச்சு.

ஏப்ரல்ல மூணு நாள் வந்து இரு. அப்புறம் பாக்கலாம். அதுக்கு முன்னால வர்ற ஞாயித்துக்கிழமை வந்து அறையப் பாத்துட்டுப் போ. ரொட்டியும் ஜாமும் வாங்கி வைக்கிறேன். நோட்டுல நான் சொன்னதை எழுது.

அம்மா


பிப்ரவரி 11

அம்மா,

ரொட்டி நன்றாக இருந்தது. ஜாமும்.

நோட்டில் உறவு என்ற கட்டத்தில் நான் "மகள்" என்று எழுதினேன். ஆமாம், வேண்டுமென்றேதான். ஒரு கட்டத்திலாவது இருந்துவிட்டுப் போகலாமே என்று.

சாயங்காலம் கிளம்பும்போது, போகும் நேரம் குறிக்க அந்த நோட்டை மறுபடியும் திறந்தேன். "மகள்" அடித்திருந்தது. ஒரே கோடு. காலருக்குத் தையல் போட்ட மாதிரி நேராக. மேலே "அக்கா மகள்."

எப்போது கீழே போனாய் என்று பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். ஜாம் வாங்க மறந்துவிட்டேன் என்று பாதியில் போனாயே, அப்போது. ஜாம் மேசை மேலேயேதான் இருந்தது. நான் பார்த்தேன். நீ மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது, "மறதியாப் போச்சுடி" என்று சிரித்தாய், நானும் சிரித்தேன்.

இன்னொன்றும் பார்த்தேன். கட்டில் மேல் உன் பழைய பை இருக்கிறது. நீ தரையில்தான் படுக்கிறாய், பாய் சுருட்டிச் சுவரோரம் நிற்கிறது. பைக்குக் கட்டில், உனக்குத் தரை, எனக்கு மூன்று நாள். நல்ல பங்கு.

நீ எத்தனை புள்ளி வாங்கினாய் என்று எனக்குத் தெரியாது. அம்மா பாடத்தில் முட்டை வாங்கித்தான் அதில் முதல் ரேங்க் எடுத்திருக்கிறாய்.

இனிமேல் எழுத மாட்டேன். இது மிரட்டல் இல்லை, தகவல்.

அக்கா மகள்


மார்ச் 4, செவ்வாய்

வாலு,

மூணு வாரமாச்சு. நான் போட்ட ரெண்டு கார்டுக்கும் பதில் இல்ல. சரி, எழுதாத. படி, அது போதும்.

வியாழக்கிழமை பஸ் நிலையத்துக்குப் போயிருந்தேன், பாட்டில் அக்கா காலுக்குக் களிம்பு கொடுக்க. மனசு கேக்காம, "அக்கா, பசங்க இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் உனக்கும் ஒரு கதவு இருந்திருக்கும்ல?"ன்னேன். அவ பாட்டிலைக் காலால நசுக்கிக்கிட்டே, "எப்படிடி சொல்றது? வாய்ல வரலையே"ன்னா. என்னைக் குத்திக் காட்டல. நான் பிள்ளை இல்லைன்னு கையெழுத்து போட்டது அவளுக்குத் தெரியாது. சும்மா, வாய்ல வரலன்னு சொன்னா.

எனக்கு வந்துச்சு. விடுதியில ஒரு தடவை, சாவி வாங்கும்போது ஒரு தடவை, நோட்டுல ஒரு தடவை.

இன்னிக்குக் காலையில மேடம் கதவைத் தட்டினாங்க. திறந்த உடனே சொல்லிட்டேன். "எனக்கு ஒரு மக இருக்கா. அன்னிக்கு வந்தவ என் அக்கா மக இல்ல, என் மக." அவங்க என் கையைப் பிடிச்சு உக்கார வெச்சாங்க. "மெதுவாச் சொல்லுங்கம்மா"ன்னாங்க. நீ என்ன படிக்கிற, எப்ப பொறந்த, எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாங்க. அறை போயிடுமான்னு கேட்டேன். "சாவி கொடுத்தது கொடுத்ததுதாம்மா. அந்தப் புள்ளியெல்லாம் உள்ள வர்றதுக்கு மட்டும்தான்"னாங்க. முதல் நாளே கேட்டிருக்கலாம். கேக்கணும்னு தோணல. பேனா வெச்சிருக்கிறவன்கிட்ட வாயத் திறந்தா இருக்கிறதும் போகும்னுதானே தூணுக்கடியில கத்துக்கிட்டோம்.

விடுதிக்குப் போன் பண்ணி உன்னைப் பத்திப் பேசுறேன்னாங்க. சந்தோஷத்துல சரின்னுட்டேன். அப்புறம்தான் அந்தச் சுவர்ல எழுதியிருந்தது ஞாபகம் வந்துச்சு. படியிறங்கி ஓடினேன், மேடம் கிளம்பிட்டாங்க. பயப்படாத. தேர்வு நேரத்துல யாரும் பொண்ணை வெளியில தள்ள மாட்டாங்க. உன்னைக் கேட்டா நீயும் உண்மையச் சொல்லு. ரெண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னா ஒண்ணும் ஆகாது.

உன் அம்மா


மார்ச் 5, புதன்

அம்மா,

எழுத மாட்டேன் என்று சொன்னதை வாபஸ் வாங்குகிறேன். அவசரம். போன் கண்ணாடியம்மா மேசையில் இருக்கிறது, இல்லாவிட்டால் ஓடிப்போய் அடித்திருப்பேன். உன்னிடம்தான் போன் இல்லையே, யாருக்கு அடிப்பது!

மத்தியானம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். "உன் சித்தி இருக்கிற கட்டிடத்துல இருந்து பேசினாங்க. அவங்க உன் அம்மாவாமே?" அவர் தலைக்கு நேர் மேலே அந்தச் சுவர் எழுத்து. "அம்மா இருந்தா உனக்கு இங்க இடமில்ல, சாயங்காலமே பெட்டியக் கட்டணும். தெரியுமில்ல?" தேர்வு ஆரம்பிக்க மூன்று வாரம்.

நோட்டில் அடித்திருந்ததை யாரோ பார்த்துச் சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்று நினைக்கிறேன். என் வால்தனத்தால் வந்தது. உன் அறைக்கும் ஆபத்து வந்துவிடும் என்று பயந்தேன். அப்புறம் நடித்தேன் பார், வாழ்க்கையில் அப்படி நடித்ததில்லை. "எங்க அம்மா செத்து நாலு வருஷம் மேடம். சித்திக்குத்தான் மூணு பிள்ளைங்க போனதுல இருந்து கொஞ்சம் அப்படி. என்னைப் பாத்தா மகள்னுதான் சொல்லுவாங்க, நானும் மனசு நோகக் கூடாதுன்னு சும்மா இருப்பேன்." கண்ணாடியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதல் தடவையாக என் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு ஒரு தாளை நீட்டி, சொன்னதையெல்லாம் எழுதச் சொன்னார். "இவர் என் தாய் அல்ல." கீழே என் கையெழுத்து. ஒரு நகல் உன் கட்டிடத்துக்கு வருகிறது.

நீ கோடு போட்டு அடித்தது சரிதான் என்று இப்போது புரிகிறது. கோபமெல்லாம் போய்விட்டது. அந்த வார்த்தை வாயில் எவ்வளவு சுலபமாக வருகிறது அம்மா! இத்தனை நாள் உன்னைத் திட்டினேனே.

தேர்வு முடியும்வரை ஞாயிறுகூட வெளியே விடமாட்டார்கள். அங்கே யாராவது உன்னைக் கேட்டால் நீயும் இதையே சொல். இரண்டு பேரும் ஒரே மாதிரி சொன்னால் ஒன்றும் ஆகாது.

உன் வாலு


மார்ச் 19

வாலு,

உன் கடுதாசியும் என் கடுதாசியும் வழியில எங்கயோ ஒண்ணையொண்ணு தாண்டிப் போயிருக்கு. இந்நேரம் நீயும் என்னோடத படிச்சிருப்ப.

நீ எழுதிக் கொடுத்த தாள் வந்துச்சு. மேடம் என்னைத் திட்டல. பொய் சொன்னியான்னு கேக்கல. ஆகஸ்ட்ல எழுதின காகிதத்தை எடுத்தாங்க. மூணு பிள்ளை செத்துப் போச்சு, தனக்குத்தானே பேசுவாங்க. அடுத்து நோட்டுல அடிச்சுத் திருத்தியிருந்தது. அடுத்து உன் தாள். ஒண்ணோட ஒண்ணு அப்படியே பொருந்துச்சு. அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி, ஒரு சுருக்கம் இல்ல. நான் மட்டும்தான் அதுக்குள்ள நுழையல.

இப்ப வியாழக்கிழமையும் வர்றாங்க. கூட ஒரு டாக்டரம்மா, மெல்லிசான குரல். இழப்பைப் பத்திப் பேசலாம்னு சொல்றாங்க. "அவ சாகல, பன்னெண்டாவது படிக்கிறா, வாயாடி"ன்னு சொல்றேன். தலையாட்டுறாங்க. "அவளைப் பத்தி இன்னும் சொல்லுங்க"ன்னு கேக்குறாங்க. சொல்லச் சொல்ல எழுதிக்கிறாங்க. கோவப்பட்டுக் கத்தினேன். அதையும் எழுதிக்கிட்டாங்க.

அவங்க மேல தப்பு சொல்ல முடியல. நல்லவங்க. கதவைத் தட்டிட்டு நிக்கத்தான் செய்யறாங்க.

உண்மையச் சொன்னா உன் படிப்பு போகும்னு உன் விடுதிக்கு வந்து பேசாம இருக்கேன். தேர்வு முடியட்டும்.

ஆனா ஒண்ணு. அக்கா மக வந்தா என் மனசு இன்னும் குழம்புமாம். கொஞ்ச நாளைக்கு அவளை வர விட வேண்டாம்னு வாசல்ல சொல்லி வெச்சிருக்காங்க. அந்த மூணு நாளும் இல்ல.

அறை போகாது. இனி எப்பவும் போகாது. முப்பத்தாறு பேர்ல எனக்குத்தான் அதிக உதவி தேவையாம்.

அம்மா


ஏப்ரல் 3

அம்மா,

மூன்று தேர்வு முடிந்தது. நன்றாகத்தான் எழுதினேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன்.

கண்ணாடியம்மா இப்போது என்னிடம் அன்பாக இருக்கிறார். "22ஆம் தேதி எங்க போவ?" என்றார். "சித்தி வீட்டுக்கு" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். நம்மைச் சுற்றி எல்லோரும் எழுதுகிறார்கள்.

ஒரு வேலை சொல்கிறேன், செய். பாட்டில் அக்காவிடம் கேட்டு வை, ஏழாம் தூணுக்கும் எட்டாம் தூணுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்க இடமிருக்குமா என்று. நான் குறுக்கே படுக்க மாட்டேன், அவளுக்கும் தெரியும். ஆகஸ்ட்டில் அந்த அட்டைக்காரர் வருவார். "அம்மா இருக்காங்களா?" என்று கேட்பார். என்னிடம் பதில் இருக்கிறது, கையெழுத்தோடு, நகலோடு. எனக்கு நிறையப் புள்ளி விழும். முப்பத்தேழாவது அறை கட்டினால் எனக்குத்தான்.

சிரிப்பு வரவில்லை, இல்லையா? எனக்கும்தான். இந்தத் தடவை நிஜமாக முயற்சி செய்தேன்.

22 செவ்வாய்க்கிழமை. மேடம் வரும் நாள். பின்பக்கத்து மாடிப்படி பூட்டாமல் இருக்கும், ரொட்டி தின்ன வந்த அன்றைக்கே பார்த்து வைத்தேன். அவருக்கு முன்னாலேயே மேலே வந்துவிடுவேன். கதவைத் தட்டும்போது அவரா, நானா என்று யோசித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்காதே. நீ திறக்கும்வரை நிற்க வேண்டும் என்பது அவருடைய விதி. என்னால் அவ்வளவு நேரம் நிற்க முடியாது, பெட்டி கனமாக இருக்கும்.

இதில் கையெழுத்துப் போடவில்லை. என்னுடையது ஒன்று ஏற்கெனவே உன் கோப்பில் இருக்கிறது.